பல்லி வாங்க வந்தவள்

“மேல் வரிசை, இடது பக்கம், நாலாவது. அது உங்க சொந்தப் பல்லு இல்லையே? யாரு கட்டினது?”

நான் வணக்கம்கூடச் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் என் வாய்க்குள் புகுந்து ஒரு குறையைப் பிடித்துவிட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கும் நிற்கவில்லை. ஜன்னலைத் திறந்தார், மூடினார். மேசைமேல் சிரித்துக்கொண்டிருந்த பல் செட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்தார். மறுபடி ஜன்னலைத் திறந்தார். இத்தனைக்கும் நடுவில் அவருடைய இடது கை மட்டும் தனி வேலையாக ஒரு துண்டு இளஞ்சிவப்பு மெழுகை உருட்டிக்கொண்டே இருந்தது. நான் நாற்காலியில் உட்காருவதற்குள் அந்த மெழுகு கூரான ஒரு கோரைப்பல்லாகி மேசை விளிம்பில் நின்றது. அதன் பக்கத்தில் அதேபோல ஒரு வரிசையே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

பல்லக்கா என்பார்கள் அவரை. பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது தொழில். ஓர் அச்சகத்தின் மாடியில், படிக்குப் பின்னால் ஒற்றை அறை. அதுதான் பட்டறை. கீழே அச்சு இயந்திரம் ஓடினால் மேலே அலமாரியில் இருக்கும் தாடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கடகடவென்று ஆடும். வந்தவர்கள் பயந்துபோவார்கள். பல்லக்கா அலமாரிக் கதவை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

சனிக்கிழமை மதியம் மட்டும் அவர் பெயர் மாறிவிடும். அப்போது அவர் பல்லியக்கா. ஏறக்குறைய ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்து அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பற்றி எழுதத்தான் பத்திரிகையில் என்னை அனுப்பியிருந்தார்கள்.

அதற்கு முன் கிழமைச் சோதனையைச் சொல்லிவிட வேண்டும். புது செட்டு தயாரானதும் பல்லக்கா ஆளை நேரில் வரவழைத்து மாட்டிப் பார்ப்பார். கடிக்கச் சொல்ல மாட்டார், மெல்லச் சொல்ல மாட்டார். “கிழமை ஏழையும் சொல்லுங்க” என்பார். அவர் கணக்குப்படி, பல்லுக்கு வேண்டிய சோதனையெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. சனியில் ச, செவ்வாயில் வ, எல்லாவற்றிலும் ழ.

“புதன் வரைக்கும் எல்லாரும் வீரம்தான். வியாழக்கிழமை வந்தாத்தான் பல்லோட யோக்கியதை தெரியும். அதுல ரெண்டு ழ. ஒண்ணுல தப்பிச்சாலும் இன்னொண்ணுல மாட்டிக்குவாங்க.”

நான் போயிருந்த ஒரு நாள், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்து உட்கார்ந்து “வியாலக்கிலமை” என்றார். பல்லக்கா செட்டைக் கழற்றி உள்பக்கம் சீவினார். மறுபடியும் வியாலக்கிலமை. இன்னும் சீவினார். அதே வியாலக்கிலமை. வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டு, “அம்மா, நான் பிறந்ததிலேருந்து அப்படித்தான் பேசுறேன். பாவம், பல்லை விட்டுடு” என்றார். பல்லக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

இந்தப் பல்லக்காதான் ‘பழிவாங்கும் பற்கள்’ படத்தின் கதாநாயகி. ரத்தக்காட்டேரியும் அவர்தான். எடுத்தவர் அவருடைய தம்பி. ஊரார் கல்யாணங்களை வீடியோ எடுத்துப் பிழைக்கும் மனிதர். மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்களையே எடுத்து எடுத்துச் சலித்து, ஒரு தடவையாவது கழுத்தில் வேறு ஏதாவது நடக்கட்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்.

கதை இதுதான். ரத்த வங்கியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ், முதலாளிகள் நாலு பேரும் கெட்டுப்போன ரத்தத்தை விற்பதைக் கண்டுபிடிக்கிறாள். நாலு பேரும் சேர்ந்து அவளைக் கொன்று குளிர்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். பெட்டிமேல் இடி விழுகிறது. அவள் காட்டேரியாக எழுந்து வந்து ஒவ்வொருவன் ரத்தமாகத் திருப்பி எடுத்துக்கொள்கிறாள். குளிர்பெட்டி என்று காட்டுவது ஐஸ்கிரீம் வண்டிக்காரரிடம் இரவல் வாங்கியது. பக்கத்தில் ஒட்டிய வெள்ளைக் காகிதம் இடி விழும்போது பிய்ந்து, உள்ளேயிருந்து ஒரு கோன் ஐஸ் எட்டிப் பார்க்கிறது. வௌவால்கள் எல்லாம் குடைத்துணி. ரத்தம் பீட்ரூட்டும் சர்க்கரைப்பாகும். அதனால் இரண்டாவது பிணத்தின் கழுத்தில் எறும்பு ஊர்வது நன்றாகவே தெரிகிறது. மூன்றாவது முதலாளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காட்டேரி கடிக்கும்போது செத்தவன் செத்தபடியே கிடந்தான். கொசு கடித்ததும் பட்டென்று அடித்துவிட்டான்.

எனக்கு இந்த மாதிரிப் படங்கள் பிடிக்கும். வெட்கப்படாமல் சொல்கிறேன். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படத்தில் நமக்கு வேலையே இல்லை. வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்துவிட்டு வர வேண்டியதுதான். குடைத்துணியைக் காட்டி வௌவால் என்று ஒருவன் சத்தியம் செய்தால், அதை வௌவாலாக்கும் பாதி வேலை நம்முடையது. போதாக்குறைக்கு, திரையில் இருக்கிறவர்கள் யாரும் சும்மா வந்து போகிறவர்களாக இல்லை. உயிரைக் கொடுத்து நடிக்கிறார்கள். கோன் ஐஸ் எட்டிப் பார்க்கும் அதே இடத்தில் பல்லக்காவின் கண்ணைப் பார்த்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஆனால் ஜனம் வருவது கண்ணைப் பார்க்க அல்ல. கடைசிக் காட்சியில் பெரிய முதலாளியைச் சுவரோரம் மடக்கிவிட்டு அவர் பேசும் வசனத்துக்காகத்தான். எழுதியிருந்த வசனம், “நான் பழி வாங்க வந்திருக்கேன்டா! ஒரு பழி இல்ல, நாலு பழி!” காட்டேரியின் கோரைப்பல் செட்டைப் பல்லக்கா தானேதான் செய்துகொண்டார். பல்லைத் தாங்கும் தகடு அண்ணத்தில் ஒரு நூல் தடித்துப்போய்விட்டது. நாக்கு மடங்க இடமில்லை. ஆத்திரத்தில் அழுத்திச் சொன்ன சொல், “நான் பல்லி வாங்க வந்திருக்கேன்டா! ஒரு பல்லி இல்ல, நாலு பல்லி!” என்று வந்து விழுந்துவிட்டது. அதற்குப் பெரிய முதலாளி நடுநடுங்கிச் சொல்கிற பதில்: “எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா... போயிடும்மா!”

படத்தில் நடித்த அத்தனை பேருக்கும் பல் மாட்டி, அத்தனை பேரிடமும் கிழமை ஏழையும் கேட்டவர் அவர். கொசு அடித்த பிணம்கூட வியாழக்கிழமையில் தேறித்தான் செத்தது.

“எனக்கு யாரு சார் கிழமை கேப்பாங்க?” என்றார்.

படப்பிடிப்பில் ஒருவர் காதிலுமா விழவில்லை என்று தம்பியிடம் கேட்டேன். “அன்னிக்கு நாங்க யாரும் வார்த்தையைக் கேக்கல, சார். அக்கா மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னுட்டோம்” என்றார்.

படம் வெளியாகி ஒரே வாரத்தில் பெட்டிக்குள் போனது. அப்புறம் யாரோ ஒரு கல்லூரி மாணவன் அந்த வசனத்தை மட்டும் வெட்டிப் போனில் போட்டான். ஊர் முழுக்கப் பல்லி கேட்க ஆரம்பித்தது. ஈயடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய தியேட்டர்காரர் சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் படத்தை எடுத்துப் போட்டார். அன்று முதல் கூட்டம். எல்லார் பையிலும் ஒரு ரப்பர் பல்லி. வசனம் வந்ததும் திரையில் தெரியும் பல்லக்காவின் முகத்தைப் பார்த்து வீச வேண்டும். “மொத்தமாவா, சில்லறையாவா?” என்று ஒரு கோஷ்டி கத்த, “எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா” என்று இன்னொரு கோஷ்டி முதலாளியோடு சேர்ந்து அழும்.

பல்லக்கா ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை. அவருக்கென்று கடைசி வரிசையில் ஓர் இருக்கை உண்டு. அதில் அவருடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். அவர் கதவோரம் நிற்பார். ஒரு கை கதவின் கைப்பிடியில், இன்னொரு கையில் மெழுகு. இடி விழும்போது அடுத்த கதவின் திரைச்சீலை வரை போய் வருவார். எறும்பு ஊரும்போது தண்ணீர் குடிக்கப் போவார். பெரிய முதலாளி சுவரோரம் பின்வாங்க ஆரம்பித்ததும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார்.

ஒரு தடவை நானும் பின்னாலேயே போனேன். வெளியே சுவரில் அவருடைய படமே ஒட்டியிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. விரலிடுக்கில் மெழுகு நசுங்கியது.

“முடிச்சுட்டாங்களா, பாருங்க” என்றார். கதவை இடுக்காகத் திறந்து பார்த்து, முடித்துவிட்டார்கள் என்றேன். “நல்ல பசங்க. ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாருக்கும் பல்லு நல்லா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

இவ்வளவு வாதை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வசனம் தவறிப்போனது; அதனால் படம் பிழைத்தது. மற்றவர்களாக இருந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். அதை அவரிடமே கேட்டுவிட்டேன். பட்டறையில் கேட்டால் பதில் வந்திருக்காது. மருத்துவமனைக்குச் செட்டு கொடுக்கப் போகும் வழியில், அவருடைய நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் பாதி ஓட்டமாக ஓடிக்கொண்டே கேட்டேன்.

சொந்தப் பட்டறை வைப்பதற்கு முன் பெரிய பட்டறை ஒன்றில் வேலை பார்த்திருக்கிறார். ஒரு நாள் முதலாளி தன் கையாலேயே கட்டிய பல்வரிசை ஒன்று, நோயாளி வாயில் இரண்டாக உடைந்துவிட்டது. மருத்துவர் கோபமாக வந்து நின்றார். முதலாளி யோசிக்கவே இல்லை. பல்லக்காவைக் காட்டி, “இவளுக்குக் கை நடுங்குது. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றே வேலை போனது. அதோடு விடவில்லை. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அந்தப் பேச்சு முந்திக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தது. கை நடுங்குகிற பெண்ணுக்குப் பல் வேலை யார் கொடுப்பார்கள்?

“பாருங்க” என்று நடுத்தெருவில் நின்று கையை நீட்டினார். “நடுங்குதா?”

நடுங்கவில்லை. பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். அந்தக் கை ஏன் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அன்னிக்கு எனக்கு வாய் வரல, சார். நான் இல்லன்னு சொல்றதுக்குக்கூட வரல. தம்பி படத்துல நிக்கும்போது வந்துச்சு. அத்தனை வருஷமா உள்ள கெடந்தது வந்துச்சு. வந்ததும் பல்லியா வந்துச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் அடக்கவில்லை. நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். அது சிரிப்பால் வந்த தண்ணீர்தான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மீதியை அவருடைய வீட்டுக்காரர் சொன்னார். லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். படத்தில் பெரிய முதலாளி அவர்தான். “நாலு நாளு என் கழுத்தைக் கடிச்சா, சார். ஒரு தடவைகூட வலிக்குதான்னு கேக்கல” என்று ஆரம்பித்தார். வில்லனுக்காகப் பல்லக்கா ஒரு செட்டு செய்து கொடுத்தாராம். ஓரத்தில் தங்கப்பல், முன்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு பல். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, சும்மா விளையாட்டுக்கு, “சாப்பாடு ஆச்சா?” என்று கேட்டிருக்கிறார். பல்லக்கா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டார்.

“அது அந்த ஆளு பல்லு, சார். பழைய முதலாளியோடது. அவருக்குப் பல்லு கட்டினதே இவதான். அளவு எல்லாம் இவ கையில அப்படியே இருந்திருக்கு.”

இந்தச் சமயத்தில்தான் படத்தைப் போனில் பார்க்க விடும் ஒரு நிறுவனம் தம்பியைத் தேடி வந்தது. ஒலி கரகரவென்று இருக்கிறது, சரிசெய்து கொடுங்கள் என்றார்கள். பல்லக்காவுக்கு வேறென்ன வேண்டும்? அந்த வசனத்தைத் திரும்பப் பேசியே தீருவேன் என்று நின்றார். புதுப் பிரதியைத்தான் தியேட்டரிலும் ஓட்ட வேண்டும் என்றார். தியேட்டர்காரர் பதறி ஓடி வந்தார். தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அக்கா, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஜனம் வருது. அதையும் எடுத்துட்டா படத்துல என்ன இருக்கு?”

“நான் இருக்கேன்டா” என்றார் பல்லக்கா.

தம்பி ஒலிப்பதிவு அறைக்கு நாள் குறித்தார். சனிக்கிழமைக் கூட்டம் போனால் போகட்டும் என்று பல்லக்கா சொல்லிவிட்டாரே தவிர, அது போனால் தம்பியின் அடுத்த படமும் போகும் என்பது அவருக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் கோரைப்பல் வரிசை மேசையைத் தாண்டி ஜன்னல் விளிம்புக்கு ஏறிவிட்டது.

ஒலிப்பதிவு அறையில் முதலில் சும்மா, வெறும் வாயால் பேசினார். ழ மணியாக வந்தது. ஒலிக்காரர் அதைப் படத்தோடு சேர்த்துப் போட்டுக் காட்டினார். திரையில் கோரைப்பல் தெரிய ஒரு முகம் துடிக்கிறது. குரல் மட்டும் துடைத்துவைத்த மாதிரி வருகிறது.

“இது யாரு, செய்தி வாசிக்கிறவளா?” என்றார் பல்லக்கா.

கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அந்தக் கோரைப்பல் செட்டு. படம் முடிந்ததிலிருந்து அதன்மேல் அரம் பட்டதில்லை. கைப்பையிலேயே அரமும் இருந்தது. அண்ணத்துத் தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சீவினார். ஊதினார். இன்னும் கொஞ்சம் சீவினார். வாயில் பொருத்திக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், தனக்குத் தானே கிழமை கேட்டுக்கொண்டார். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ஒரு மூச்சு எடுத்தார். “வியாழக்கிழமை.”

“ம், போதும். போடுங்க” என்றார்.

பேசி முடித்த பிறகு ஒலிக்காரர் பொத்தானை அணைக்க மறந்துபோனார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே, “அன்னிக்கு மாதிரியே இருக்குக்கா” என்றார்.

அந்தச் சனிக்கிழமை நான் கடைசி வரிசையில், வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கைப்பை வழக்கம்போல அதன் இருக்கையில். பல்லக்கா கதவோரம். ஐஸ்கிரீமுக்குச் சிரித்தார்கள், எறும்புக்குச் சிரித்தார்கள், கொசு அடித்த பிணத்துக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் திரையை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நல்ல பிள்ளைகளை ஏமாற்றப் போகிறோமே என்று ஒரு பக்கம். இவர்கள் இன்றைக்கும் சிரித்துத் தொலைத்துவிட்டால் இந்தப் பெண் என்ன ஆவார் என்று இன்னொரு பக்கம். பெரிய முதலாளி சுவரோரம் பின்வாங்க ஆரம்பித்தார். கைகள் பைக்குள் போயின. அரங்கம் முழுக்கப் பல்லிகள் மேலே எழுந்தன. நான் திரும்பிப் பார்த்தேன். பல்லக்காவின் கை கைப்பிடியில் இருந்தது. கதவு திறக்கவில்லை.

“நான் பழி வாங்க வந்திருக்கேன்டா! ஒரு பழி இல்ல, நாலு பழி!”

யாரும் சிரிக்கவில்லை. தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. மொத்தமாவா என்று கேட்க வாயைத் திறந்த கோஷ்டி திறந்த வாயோடு இருந்தது. திரையில் அந்த முகம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இத்தனை சனிக்கிழமையும் அதைப் பல்லியால் அடித்தோமே தவிர, ஒரு நாளும் நேராகப் பார்க்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் மெல்லக் கையை இறக்கினாள். வேறு யாரோ, பாவம், “பல்லி எங்கடா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

காட்சி மாறியது. திரை நிறையப் பெரிய முதலாளி. அந்தப் பழைய முதலாளியின் தங்கப்பல் பளபளக்க, “எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா...” என்று வாயைப் பிளந்தார்.

பின்னால் கதவின் கைப்பிடி கடக்கென்று விடுபடும் சத்தம் கேட்டது. பல்லக்கா வெளியே போகவில்லை. நடைபாதையில் இறங்கித் திரையை நோக்கி வேகமாக நடந்தார். போகிற போக்கில் ஓரத்து இருக்கைக்காரன் தூக்கிப் பிடித்திருந்த பல்லியைக் கேட்காமலே பிடுங்கிக்கொண்டார். முதல் வரிசைக்கு முன்னால் போய் நின்று, திரையிலிருந்த அந்த வாயை அண்ணாந்து பார்த்தார். கையை ஓங்கினார். ஓங்கிய கை துளியும் ஆடவில்லை. என் பக்கத்திலிருந்த வீட்டுக்காரர், தன்னை அறியாமல், வாயைப் பொத்திக்கொண்டார்.